ஒரு அளவுக்கு இரண்டு சட்டை

கழுத்தில் உறுத்துகிறது. ரெடிமேட் சட்டையில் காலருக்கு உள்ளே கம்பெனிப் பெயர் போட்ட துண்டுத் துணி ஒன்றை வைத்துத் தைத்துவிடுகிறார்கள், அதன் முனைதான். நேற்றே பிய்த்து எறிந்திருக்கலாம், துணியும் சேர்ந்து கிழிந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன். இனிமேல் இந்தச் சட்டையை யார் பார்த்துக் கிழிசல் என்று சொல்லப்போகிறார்கள். தலைபோகிற காரியம் நடக்கும்போதும் மனுசப் புத்தி இப்படித்தான், நூல் பிரிந்த இடத்தையே தடவிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி இன்னும் மாடியை விட்டு இறங்கவில்லை. வண்டியை வேப்பமரத்து நிழலில் போட்டு ஏசியை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், மயில்கழுத்து நிறச் சட்டையில். இந்த வீட்டு வாசலில் நான் வெள்ளை அல்லாத சட்டையோடு உட்கார்ந்திருப்பது பதினாலு வருசத்தில் இதுதான் முதல் தடவை. சமையல்கார அக்கா வாசலில் தண்ணீர் தெளிக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, என்ன லூர்து, பொண்ணு பாக்கப் போறியா என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துவைத்தேன். சிரிப்பு முகத்தில் பாதி வழியிலேயே நின்றுபோனது எனக்கே தெரிந்தது. ராத்திரி தூக்கமில்லை. முந்தின ராத்திரியும் இல்லை. கண்ணுக்குள் உப்பளத்து மண்ணை வாரிப் போட்டதுபோல் இருக்கிறது, மூடினாலும் எரிகிறது, திறந்தாலும் எரிகிறது. சீக்கிரம் இறங்கி வாருங்களேன் அண்ணாச்சி, எப்படியோ ஒன்று முடிந்தால் சரி.

வெள்ளைச் சட்டை என்றால் சும்மா வெள்ளைச் சட்டை இல்லை. துறைமுகத்துக்குள் எந்த லாரி முதலில் போக வேண்டும், எது வெளியே வெயிலில் காய வேண்டும் என்று சொல்லுகிறவர் வைரவன் அண்ணாச்சி. அப்படிச் சொல்லுகிறவருக்கு ஊரில் எத்தனை அரிவாள் காத்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அவர் உயரம்தான் என் உயரம். அவர் தோள்தான் என் தோள். மீசையை அவர் மாதிரி வைக்கச் சொன்னார், வைத்தேன். கறுப்புக் கண்ணாடி அவரே வாங்கித் தந்தார். ஒரே பீஸ் துணியில் இரண்டு சட்டை, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. கூலிக்கு வருகிறவனுக்கு எங்களில் யாரை வெட்டுவது என்று ஒரு நிமிசம் குழம்ப வேண்டும், அந்த ஒரு நிமிசம் போதும் என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணாச்சி டெய்லரைத் தன் மேல் டேப்பு வைக்க விடமாட்டார். உயிரோட இருக்கவனைச் சவப்பெட்டி அடிக்கவன்தாம்ல அளப்பான் என்று ஒருநாள் டேப்பைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து டெய்லர் என்னை மட்டும்தான் அளக்கிறார், என் அளவுக்கு இரண்டு சட்டை. ஊரே பயப்படுகிற ஆள் என் உடம்பு அளவில்தான் உடுத்திக்கொண்டு நடக்கிறார். முதல் வருசம் அதை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிறகு உப்பளத்து ரோட்டில் அந்த வெட்டு. ஒரு நிமிசம் குழம்பாமல் நேராக என் தோளிலேயே இறக்கினான் ஒருத்தன், அவரென்று நினைத்து. ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி ராவும் பகலும் பக்கத்தில் இருந்தார், அவர் கையாலேயே ஸ்பூனில் கஞ்சி ஊட்டினார், வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். என் அப்பன்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்குக் கட்டிலில் புதுச் சட்டை மடித்து வைத்திருந்தது. வெள்ளை. அதைப் பார்த்ததும் அழுதேன். பாசத்தில் அழுதேனா, இன்னொரு தடவை இதைப் போட வேண்டுமே என்று அழுதேனா, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தோள் மட்டும் மழைக்கு முன்னால் வலிக்கும்.

இப்போதும் வலிக்கிறது, மழையைக் காணோம். மாதா கோயில் திருவிழாக் கொடி பறக்கிற நாளில் ஒரு தூறலாவது விழும் என்பார்கள், இந்த வருசம் வானம் சுண்ணாம்பு அடித்ததுபோல் கிடக்கிறது. கொடி ஏறிவிட்டால் இறங்குகிறவரை ஊரில் யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் அது. கோயிலுக்குப் போகிறவன் போகாதவன் எல்லாருக்கும் ஒன்றுதான். நாளைச் சாயங்காலம் கொடி இறங்குகிறது. இறங்கட்டும், பெலிக்ஸ் சோலியை முடிச்சிருவோம் என்று அண்ணாச்சி போன வாரம் சொன்னார், நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பின்சீட்டிலிருந்து, நிலக்கடலையைத் தோல் உரித்துக்கொண்டே. பெலிக்ஸ் என் தங்கச்சி ஜெசிந்தாவின் மாப்பிள்ளை. அண்ணாச்சியிடம் இருந்தவன்தான், நான்தான் சேர்த்துவிட்டேன். நான்கு லாரிக்காரர்களைக் கலைத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். போனவன் சும்மா போயிருக்கலாம், டீக்கடையில் நின்று அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அவன் என் தங்கச்சி புருசன் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாதா என்ன, கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். தெரிந்துதான் என் காது கேட்கச் சொன்னார். மறந்தும் சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டுகிறவன் காதை யார் நினைக்கிறார்கள். மறுநாளே திருவிழாக் கடையில் ராட்டினத்துக்குப் பின்னால் பெலிக்ஸ் என்னைப் பிடித்தான். அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், நான் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி ஜெசிந்தா வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பெலிக்ஸ் முகம் வெளிறியிருந்தது. கொடி இறங்குவதற்குள் நான் அவரை முடிக்கவில்லை என்றால் என்னை முடித்துவிடுவார்கள் மச்சான் என்றான். கொடி ஏறியிருக்கிறதே என்றேன். செத்தவனுக்குக் கொடி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்றான். கூலிக்குப் பிடித்திருப்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், இந்த ஊர் முகமே தெரியாது, படத்தைக் காட்டினால் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறீர்கள், அதனால் வெள்ளைச் சட்டை என்றுதான் அடையாளம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். 

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம் மச்சான். கொடி எறங்குறதுக்கு மொத நாள், அவரு ஸ்டேசன்ல கையெழுத்துப் போட வாரப்ப, நீ மட்டும் வேற சட்டை போட்டுக்கிட்டு வா. அது போதும்."

அது போதும். எவ்வளவு சின்ன காரியம். அரிவாள் தூக்க வேண்டாம், கதவைத் திறந்துவிட வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம், பித்தான் போட்டால் போதும். நேற்று வீட்டில் பீரோவைத் திறந்து வேறு சட்டை தேடினேன். எடுத்தது, மடித்தது, தொங்கியது எல்லாம் வெள்ளை. எனக்கென்று ஒரு கலர்ச் சட்டை அந்த வீட்டில் இல்லை. துரோகம் செய்வதற்குக்கூடக் கடைக்குப் போய்ச் சட்டை எடுக்க வேண்டியிருக்கிறது என் பிழைப்பில். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கடைக்காரன் என்ன சைஸ் என்று கேட்டான், தெரியவில்லை. போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றேன். யாரோ ஒருத்தன் நின்றான். தோளில் தொளதொளவென்று, வயிற்றில் இறுக்கமாக, ஆனால் அண்ணாச்சி இல்லாத ஒருத்தன். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தால் அப்படிப் பிடித்துப்போனதுதான் உறுத்துகிறது. அண்ணாச்சி ஊட்டிய கஞ்சி இந்த வயிற்றில்தானே போயிற்று. ஜெசிந்தாவைத் தூக்கிச் சுமந்ததும் இதே இடுப்புதான். அம்மா போன பிறகு ஒரு தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததே அவளைக் கரையேற்றத்தான். அவள் தாலிக்கும் இவர் தலைக்கும் நடுவில் ஒரு பித்தான். ராத்திரி முழுக்க இதையேதான் சுற்றிக்கொண்டிருந்தேன், செக்குமாடு மாதிரி. விடிந்தபோது கை தானாகவே மயில்கழுத்துச் சட்டையை எடுத்தது. முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

படியில் செருப்புச் சத்தம். வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கஞ்சி விறைப்பு, கறுப்புக் கண்ணாடி, மல்லிகை சென்ட் வாசம். லாரி ஷெட் அடிதடிக் கேசில் ஜாமீன் கொடுத்த கோர்ட்டு தினமும் காலையில் ஸ்டேசனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. கூட்டம் சேர்க்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டதால் நானும் அவரும் மட்டும்தான் போவோம். போகும்முன் இரண்டு பேர் போனையும் பிஸ்கட் டின்னில் போட்டுச் சமையல்கார அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும், எந்த வழியாகப் போகிறோம் என்று போனை வைத்து எவனும் கண்டுபிடிக்கக் கூடாது. டின்னை நீட்டினேன். போட்டார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.  என்னல இது என்றார். தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள், திருவிழாவுக்கு என்றேன். முன்னாலேயே யோசித்து வைத்திருந்த பொய்தான். கொடி ஏறியிருக்கே, இன்னைக்கு எவன் வரப்போறான் அண்ணாச்சி என்று சேர்த்துக்கொண்டேன். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். திட்டுவார், போய் மாற்றிக்கொண்டு வா என்பார், அப்படிச் சொன்னால் மாற்றிவிடுவது, விதி விட்ட வழி என்றுகூட நினைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கிட்டே வந்து என் சட்டைக் கையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். அவர் பெண்சாதி விட்டுவிட்டுப் போய் எத்தனையோ வருசமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அந்த நேரம் அவர் முகம் திருவிழாக் கடையில் நிற்கிற சின்னப் பையன் முகம்போல இருந்தது.

"கழட்டுல. நான் போட்டுக்கிடுதேன். எனக்கு எவ எடுத்துத் தாரா திருவிழாச் சட்டை."

 அண்ணாச்சி, இது மட்டமான துணி என்றேன். வேர்வை பட்டிருக்கிறது என்றேன். அவர் அதற்குள் தன் சட்டையைக் கழற்றிவிட்டார். நரைத்த மார்பு முடி, தங்கச் சங்கிலி, தொப்புளுக்கு மேல் பழைய தையல். கதவோரம் நின்று நானும் கழற்றினேன். பித்தான் வரமாட்டேன் என்றது. புதுச் சட்டைல, காஜா சரியா வெட்டியிருக்க மாட்டான் என்று அவரே இரண்டு பித்தானைக் கழற்றிவிட்டார். அவர் உடம்புச் சூடு ஆறாத வெள்ளைச் சட்டையை என் கையில் தந்தார். போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய. வண்டிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் காலரை நீவிக்கொண்டு, நல்லாத்தாம்ல இருக்கு என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார். ஏதாவது தெரிந்து செய்கிறாரோ என்று மனசு குதித்தது. இல்லை. பதினாலு வருசம் பின்கண்ணாடியில் பார்த்த முகம், அது எதையாவது ஒளித்தால் எனக்குத் தெரியும். ஒன்றும் ஒளிக்கவில்லை. சந்தோசமாக இருக்கிறார், பாவி மனுசன்.

வண்டி ஓடுகிறது. என் கால்தான் மிதிக்கிறது, என் கைதான் திருப்புகிறது. பழைய கடற்கரை ரோடு, மீன் வலை காய்கிற வாசம், ஒரு பக்கம் உப்புக் குவியல், வெயிலில் கண் கூசுகிறது. போன் டின்னில். இருந்தாலும் பெலிக்ஸ் எடுக்க மாட்டான், ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போய்விட்டான், ஊரிலேயே இல்லை என்று சாட்சி வேண்டுமே. வண்டியைத் திருப்பிவிட்டால். ஏன் என்று கேட்பார். பஞ்சர் என்றால், இறங்கிப் பார்ப்பார், கையெழுத்துத் தவறினால் ஜாமீன் போய்விடும், வழியில் வருகிற வண்டியை மறித்து ஏறிப் போவார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு போனால் என்ன. போலீஸ் ஸ்டேசனுக்குப் பனியனோடு போகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும், அண்ணாச்சி முதலில் சிரிப்பார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஏம்ல என்பார். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஏம்ல என்ற இடத்தில் வந்து முட்டுகிறது. அதற்கு ஒரு பதில்தான் இருக்கிறது, அந்தப் பதிலில் பெலிக்ஸ் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொன்ன அடுத்த நிமிசம் ஜெசிந்தா கழுத்து வெறுங்கழுத்து. வண்டிக்குள்ளேயே இருந்துவிடலாம். பையன்கள் வண்டியைத் தேடி வருவார்கள், வெள்ளைச் சட்டை எங்கே இருந்தால் என்ன. காலரைத் தடவினேன். உறுத்தவில்லை. வெட்டு வாங்கிய தோள் மட்டும் அதுபாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்கூட்டியே தெரியும் போல. பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது. மூத்திரம் முட்டுகிறது.

ரயில்வே கேட்டு அடைத்திருக்கிறது. முன்னால் உப்பு லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. தார்ப்பாயிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி ரோட்டில் காய்ந்து வெள்ளைப் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. பின்கண்ணாடியில் அண்ணாச்சி சட்டைக் கையை மடித்து மடித்துப் பார்க்கிறார். இங்கே ஐந்து நிமிசம் நிற்போம். இதற்குப் பிறகு ஒரு வளைவு, அப்புறம் ஸ்டேசன். பேச வேண்டுமானால் இப்போதுதான் பேச வேண்டும். என்ன பேச. வாய் திறந்துவிட்டது. பெலிக்ஸை விட்டுருங்க அண்ணாச்சி என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோலக் கேட்டது.  சின்னப் பய, தெரியாம பேசிட்டான், எங்கையாவது வெளியூர் போயிருதேன்னு சொன்னா விட்டுருங்க என்றேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை, லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன். 

"நீ ஏம்ல இத்தனை நாளாக் கேக்கல?" என்றார். "ஒன் காதுபடத்தானல சொன்னேன். இன்னைக்குக் கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு பாத்தேன். நீ வாயவே தொறக்கல. சரி, இவனுக்கே வேண்டாம் போல, தங்கச்சியப் போட்டு அடிக்கானோ என்னமோன்னு நெனச்சேன்."

 கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். நிலக்கடலை உரித்துக்கொண்டு அவர் சொன்ன அந்த நிமிசத்திலேயே தலையைத் திருப்பி, வேண்டாம் அண்ணாச்சி என்று இரண்டு வார்த்தை. அவர் எனக்கு விட்டுவைத்த இடம் அது. பதினாலு வருசத்தில் நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் எங்கள் ஆட்களுக்குள் பெருமை, லூர்து வாயில்லாப் பூச்சி என்று. அவர் உயிரை விற்கத் துணிந்தேனே தவிர, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணியவில்லை. இதைவிட மடத்தனம் உண்டா. 

"அப்ப விட்டுருவீங்களா அண்ணாச்சி?"

"விட்டேன் போ. கொடி எறங்கினதும் ரெண்டு பேரையும் வந்து என்னப் பாக்கச் சொல்லு."

"நான் இல்லாட்டியும்?"

"நீ எங்கல போற? நீ இருந்தாலும் இல்லாட்டியும் சொன்னா சொன்னதுதான். வைரவன் எந்தச் சொல்லைத் தின்னுருக்கான்?"

தின்றதில்லை. ஒரு லாரிக்காரனுக்கு வருசம் முழுக்க உன் லாரிதான் முதலில் போகும் என்று சொல்லியிருந்தார். அவன் நடுவிலே கோர்ட்டில் ஏறி இவருக்கு எதிராகச் சாட்சி சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, வருசம் முடிகிறவரை அவன் லாரியைத்தான் முதலில் விட்டார். அது எனக்குத் தெரியும், நான்தான் துறைமுகக் கேட்டில் நின்று அதை உள்ளே விட்டேன். ஆக ஜெசிந்தாவுக்கு ஒன்றும் வராது. இன்றைக்கு நடக்கப்போவது பெலிக்ஸ் வேலை என்று பிறகு தெரிந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் இப்போது நான் வாயைத் திறந்து, அண்ணாச்சி, ஸ்டேசன் முன்னால் ஆள் நிற்கிறது என்று சொன்னால் கதை வேறு. உயிரோடு இருக்கிற நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன், சட்டை ஏன் மாறியது என்று கேட்பார், பெலிக்ஸுக்குக் கொடுத்த சொல் நிற்கும், எனக்குக் கொடுத்த கஞ்சி நிற்காது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியாது. கஞ்சி ஊட்டியபோது பார்த்த அதே கண்ணால் பார்ப்பார். ரயில் கடந்து போகிறது, கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக, முடிகிற மாதிரி தெரியவில்லை, முடியாமலே போகட்டும் என்று ஒரு நப்பாசை. முடிந்துவிட்டது. கேட்டைத் தூக்கிவிட்டார்கள்.

வளைவு. ஸ்டேசன் வாசலில் வண்டி நிறுத்த விடமாட்டார்கள், எதிரே உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும். சுவர் நிழலில் நுங்கு வண்டி. அதன் பக்கத்தில் பைக்கில் சாய்ந்து இரண்டு பேர், தெரியாத முகம், கையில் வாங்கிய நுங்கு தின்னப்படாமல் ஈ மொய்க்கிறது. ஒருத்தன் வண்டி நம்பரைப் பார்த்தான், பிறகு பின்சீட்டு மயில்கழுத்துச் சட்டையைப் பார்த்தான், அதைத் தாண்டி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். அவன் கண் அங்கேயே நின்றது. ஆச்சரியம்தான், பயம் குறைந்துவிட்டது. களைப்பு மட்டும் இருக்கிறது, நல்ல களைப்பு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனுக்கு இருக்குமே அதுபோல. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. அண்ணாச்சி பின்னாலிருந்து, ஏல லூர்து, இந்தக் காலருக்குள்ள என்னமோ உறுத்துதே என்கிறார். கம்பெனிச் சீட்டு அண்ணாச்சி, வீட்டுக்குப் போனதும் வெட்டிவிடச் சொல்லுங்க என்றேன். உள்ளயே இருங்க, நான் இறங்கிப் பாத்துட்டு வாரேன் என்றேன். வழக்கமாகச் சொல்லுவதுதான், முதலில் இறங்குவது எப்போதும் நான்தான். கதவுகளைப் பூட்டும் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். வெயில் முகத்தில் அடிக்கிறது. அவன் கையிலிருந்த நுங்கு கீழே விழுந்தது. ரோட்டை நோக்கி, வண்டியை விட்டுத் தள்ளி நடக்கிறேன். சட்டை எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. என்னை அளந்து தைத்ததுதானே.